ரெக்கார்டரில் சத்தம் கெட்டுப்போனால் எங்கிருந்து தேடுவது

"சத்தம் சரியில்ல" என்று யாராவது ஒரு ஒலிப்பதிவைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, எப்படிச் சரியில்லை என்பதைத்தான். பின்னால் ஸ்ஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கிறதா, உம்ம் என்று உறுமுகிறதா, படபடவென்று வெடிக்கிறதா, உரக்கப் பாடும்போது குரல் உடைகிறதா, ஒரு காதில் மட்டும் கேட்கிறதா, இல்லை ஒன்றுமே பதிவாகவில்லையா? இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. காரணம் தெரியாமல் கண்ட பட்டனையும் திருகினால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

தெருக்கூத்து, ஒப்பாரி, தாலாட்டு, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பழைய கதைகள் என்று பல வருஷமாகக் கையடக்க ரெக்கார்டரை வைத்துக்கொண்டு பதிவு செய்துவருகிறேன். எல்லாமே ஊருக்குள்ளே, வீட்டுக்குள்ளே, திடலிலே எடுத்தவை. ஸ்டுடியோ வசதி எதுவும் கிடையாது. பாடியவர்களில் சிலர் இப்போது இல்லை. அதனால் ஒரு பதிவு கெட்டுப்போனது என்று கேள்விப்பட்டால் எனக்கு மனசு ஆறாது. நண்பர்களும் ஆய்வு மாணவர்களும் கொண்டுவரும் கோப்புகளை உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சத்தம் பாடுபவரின் வாயில் கிளம்பி, மைக், ஒயர், பிளக், ரெக்கார்டருக்குள் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப், மெமரி கார்டு என்று வரிசையாகப் போய், கடைசியில் ஹெட்போன் வழியாக நம் காதுக்கு வருகிறது. இந்த வழியில் எங்கே கெட்டது என்று பிடிக்க ரெக்கார்டரின் திரையிலேயே ஒரு வழி இருக்கிறது. அதில் ஆடும் இரண்டு லெவல் மீட்டர்களைப் பாருங்கள். மீட்டர் ஒழுங்காக ஆடுகிறது, காதில் மட்டும் கேட்கவில்லை என்றால் ஹெட்போனோ அதன் ஜாக்கோதான் பழுது, பதிவுக்கு ஆபத்தில்லை. பேசினாலும் மீட்டர் அசையவில்லை என்றால் மைக் பக்கம் தேட வேண்டும். இரண்டு பட்டையில் ஒன்று மட்டும் ஆடினால் பெரும்பாலும் பிளக் விவகாரம். மீட்டரும் சரி, காதிலும் சரி, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்றால் சந்தேகம் மெமரி கார்டு மேல். இதைச் சொல்லிக்கொடுத்தாலே, என்னிடம் வருகிறவர்களில் பலர் மீதியைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒயரையும் மாற்றி, மைக்கையும் மாற்றி, லெவலையும் குறைத்தால் சத்தம் சரியாகிவிடலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த ஊரில் அதே கோளாறு மறுபடி வரும்.

என்னிடம் வந்தவற்றில் எனக்கு மறக்காத கோப்பு ஒன்று உண்டு. ஓர் ஆய்வு மாணவி செய்யாறு பக்கம் ஒரு ஊரில் விடிய விடியக் கூத்து பதிவு செய்துவந்திருந்தார். மைக் செட்காரர் மிக்ஸரிலிருந்தே ஒயர் கொடுத்திருக்கிறார். மாணவி இரவு முழுக்க ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், எல்லாம் நன்றாகவே இருந்ததாம். ஊருக்கு வந்து போனில் போட்டால் குரலும் இல்லை, ஆர்மோனியப் பெட்டியும் இல்லை, மத்தளமும் இல்லை. எங்கோ தூரத்தில் தாளம் தட்டுவது போல மெலிதாக ஏதோ கேட்கிறது, அவ்வளவுதான். கோப்பு கெட்டுவிட்டது என்று அழாத குறையாக வந்தார்.

கோப்பு கெடவில்லை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஓர் இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலே இடது சேனல், கீழே வலது சேனல். இடதில் அலை மேலே எழும் அதே கணத்தில் வலதில் அதே அலை, அதே உயரத்துக்குக் கீழே இறங்குகிறது. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொன்று. இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஒரே பாட்டுதான். ஒரே ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டும். மேலே போவதும் கீழே போவதும் கூடினால் மிச்சம் பூஜ்யம்.

இதற்குக் காரணம் ஒயர். மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் அவுட்டில் ஒரே சிக்னலை இரண்டு கம்பியில் அனுப்புவார்கள். ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. நீள ஒயரில் ஏறும் இரைச்சலை எதிர்முனையில் கழித்துவிடுவதற்கான ஏற்பாடு அது, அதைப் பேலன்ஸ்டு என்பார்கள். அந்த முனையிலிருந்து ஒரு சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்குக்கு மாற்றும் ஒயரைப் போட்டால், நேர்க்கம்பி இடது சேனலுக்கும் தலைகீழ்க்கம்பி வலது சேனலுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ரெக்கார்டர் அதை ஸ்டீரியோ என்று நம்பிப் பதிவு செய்துகொள்ளும்.

சரிசெய்ய ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து ஒன்றை நீக்கிவிடலாம். அதைவிட நல்லது, ஒன்றை இன்வெர்ட் செய்து நேராக்கி இரண்டையும் கூட்டுவது. சிக்னல் கூடும், இரைச்சல் அந்த அளவுக்குக் கூடாது. அந்த மாணவியின் இரவு முழுவதும் அப்படியே மீண்டு வந்தது. இப்போதும் யாராவது மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவு "உள்ள ஒண்ணுமே இல்லாம, தலைக்கு வெளியே மிதக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். திடலிலேயே கண்டுபிடிக்கவும் முடியும். ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் பதிவு செய்து, ரெக்கார்டருக்கு உள்ளேயே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அது பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர்தான். ஹெட்போனில் கேட்டது அதில் காணாமல் போனால் ஒயரை மாற்றிவிடலாம்.

மிக்ஸரிலிருந்து எடுக்கும்போது வரும் இன்னொரு தொல்லை, குரல் கிழிவது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. மிக்ஸரின் அவுட்டில் வருவது அதைவிடப் பல நூறு மடங்கு, தொழில்முறைக் கருவிகளில் வழக்கமான அளவே 1.23 வோல்ட். அதைக் கொண்டுபோய் ரெக்கார்டரின் மைக் ஜாக்கில் குத்தினால் ப்ரீஆம்ப் தாங்காது. லெவலைக் குறைத்தால் மீட்டர் இறங்கும், கிழிசல் அப்படியே இருக்கும். ஏனென்றால் லெவல் பட்டன் பல கருவிகளில் ப்ரீஆம்புக்குப் பிறகுதான் வேலை செய்கிறது. இந்தக் கோளாறுக்குத் தெளிவான அடையாளம் உண்டு. அலையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் உச்சிகள் மொட்டையாக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் அந்த வெட்டு மேல் விளிம்பில் இருக்காது, பாதி உயரத்திலேயே இருக்கும். விளிம்பில் மொட்டை என்றால் லெவல் அதிகம். நடுவில் மொட்டை என்றால் உள்ளே வரும்போதே அதிகம். இரண்டாவதற்கு மருந்து லைன் இன் என்று எழுதியுள்ள ஜாக், அல்லது அமைப்பில் மைக், லைன் என்று மாற்றும் இடம், அல்லது சிக்னலைக் குறைக்க இடையில் போடும் அட்டெனுவேட்டர் ஒயர். எக்ஸ்எல்ஆரும் கால் அங்குல பிளக்கும் ஒன்றாக ஏறும் கூட்டு ஜாக் உள்ள கருவிகள் பலவற்றில், கால் அங்குலத் துளை மிக்ஸர் அவுட்டின் அளவை, அதாவது லைன் லெவலைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். அதைக் கையேட்டில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மைக் செட்காரர்களிடம் பேசும் முறையும் இதில் சேர்த்தி. திடலுக்குப் போய் "பேலன்ஸ்டு அவுட் இருக்கா" என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. ஒரு ஊரில் நான் "அண்ணே, இதுல ரெக்கார்டுக்கு எடுக்க ஏதாவது இருக்குமா?" என்று கேட்டேன். அவர் மிக்ஸரைத் திருப்பிக் காட்டி, "அந்த ஓட்டை ரொம்ப நாளா செத்துப்போச்சு தம்பி. ஹெட்போன் ஓட்டைல எடுத்துக்க, நான் அதத் தொடவே மாட்டேன்" என்றார். அதிலிருந்து எடுத்த பதிவு மிகச் சுத்தமாக வந்தது. ஹெட்போன் அவுட் ஸ்டீரியோவாகவே வரும், தலைகீழ்க்கம்பி கிடையாது, சத்த அளவைக் குறைக்கத் தனித் திருகு இருக்கும். அன்றிலிருந்து நானே அதைக் கேட்டு வாங்குகிறேன். ஆனாலும் மிக்ஸரை மட்டும் நம்புவதில்லை. ஊதுகருவியான முகவீணைக்கு முன்னால் தனி மைக் இல்லாத மேடைகளே அதிகம். அது இல்லாமல் கூத்து ஏது? அதனால் ரெக்கார்டரின் சொந்த மைக்கையோ இரண்டாவது ரெக்கார்டரையோ மேடைக்கு நேராக ஸ்டாண்டில் வைத்துத் தனியாக ஒரு பதிவும் எடுத்துவிடுவேன். பிறகு இரண்டையும் கலந்துகொள்ளலாம்.

அடுத்தது உறுமல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அடியில் உம்ம் என்று ஒரே சுருதியில் நிற்பது பெரும்பாலும் இந்த 50-உம், அதன் மடங்குகளான 100, 150-உம்தான். இதற்கு நான் செய்யும் முதல் சோதனை, சார்ஜரைப் பிடுங்குவது. ரெக்கார்டர் பேட்டரியில் ஓடும்போது உறுமல் நின்றுவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம். மிக்ஸர் ஒரு பிளக் பாயின்டில், ரெக்கார்டரின் சார்ஜர் வேறொரு பாயின்டில், நடுவே ஆடியோ ஒயர் என்று இருந்தால் எர்த் ஒரு வளையமாகிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம் அப்படியே பாட்டில் கேட்கும். மலிவான மொபைல் சார்ஜர் என்றால் உறுமலோடு கீச்சென்ற சத்தமும் சேரும். லேப்டாப்பில் இணைத்துப் பதிவு செய்தாலும் இதே கதைதான், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஜெனரேட்டர் ஓடும் திடல்களில் இந்த உறுமலை நிறுத்த எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், யாராவது செய்தாலும் தடுங்கள். பனி விழுந்த மண்ணில் வெறுங்காலோடு, வேர்த்த உடம்போடு நடிகர் மைக்கில் வாயை வைத்துப் பாடுகிறார். அவர் உயிருக்கு அந்த மூன்றாவது முனைதான் காவல். உறுமல் வந்தால் வரட்டும், பதிவை அப்புறம் சுத்தம் செய்துகொள்ளலாம். முறையான வழி வேண்டுமென்றால் ஆடியோ ஒயருக்கு நடுவே போடும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது. கார் ஸ்டீரியோவுக்கென்று விற்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கூடப் பேச்சுக்குப் போதும். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக் சாமான் விற்கும் இடங்களில் விசாரித்தால் கிடைக்கும்.

பேட்டரியில் ஓடியும், வேறு எதனோடும் இணைக்காமலும் உறுமினால் ஒயரின் ஷீல்டை, அதாவது உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலைப் பாருங்கள். பிளக்கின் உலோகப் பகுதியைக் கையால் தொட்டதும் உறுமல் குறைந்தால் ஷீல்டு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சால்டரிங் தெரிந்தவர்கள் பிளக்கைத் திறந்து பார்த்தால் ஷீல்டுப் பின்னல் அறுந்து தொங்குவது கண்ணுக்கே தெரியும்.

வீட்டுக்குள் பதிவு செய்யும்போது வரும் தொல்லைகள் வேறு மாதிரி. ஒரு பாட்டியிடம் தாலாட்டு கேட்கப் போகிறோம். மே மாதம், ஓட்டு வீடு, தலைக்கு மேல் ஃபேன். அதை நிறுத்தச் சொல்ல மனசு வராது. நிறுத்தாவிட்டால் இரண்டு கேடு. காற்று மைக்கில் மோதிப் புஸ்புஸ்ஸென்று அடிப்பது ஒன்று, ஃபேனின் சத்தமும் ரெகுலேட்டரின் உறுமலும் இன்னொன்று. நான் செய்வது இதுதான்: பாட்டு ஆரம்பிக்கும் முன் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டு முடிந்ததும் உடனே போட்டுவிடுவேன். பேச்சு, விசாரிப்பு, காபி எல்லாம் ஃபேன் காற்றில். பாட்டு மட்டும் புழுக்கத்தில். அவர்களும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். பல பாட்டிகள் தாங்களே "ஃபேன நிறுத்துய்யா, பாடுறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிடுவார்கள். நிறுத்த முடியாத உடல்நிலை என்றால் ஃபேனுக்கு நேர் கீழே உட்காராமல் சுவரோரம் நகர்ந்து, மைக்குக்குப் பஞ்சு உறையும் அதன் மேல் ரோமம் வைத்த உறையும் போட்டு, அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் வசதியை 80 ஹெர்ட்ஸ் அருகே வைப்பேன்.

பிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். அது கேட்காதது போலவே இருக்கும், பதிவில்தான் தெரியும். நடுவில் கட்டென்று நின்றதும்தான், அதுவரை ஓடிக்கொண்டிருந்ததே உறைக்கும். நிறுத்தியதை மறந்துவிட்டுக் கிளம்பினால் அந்த வீட்டுப் பாலும் மாவும் கெட்டுப்போகும். அதனால் நிறுத்தியவுடன் என் வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். சாவி எடுக்கத் திறக்கும்போது ஸ்விட்ச் நினைவுக்கு வரும்.

மேசையில் நேராக ரெக்கார்டரை வைக்காதீர்கள். பக்கத்து அறையில் கிரைண்டர் ஓடுவதும், யாராவது டம்ளரை வைப்பதும் மரத்தின் வழியாக ஏறிவரும். நாலாக மடித்த துண்டின் மேல் வைத்தாலே பாதி போய்விடும்.

செல்போன் சங்கதியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது டிக்டிக், டிக்டிக், டிரிர்ர்ர் என்று ஒரு சத்தம் நுழையும். இரண்டு மூன்று நொடி கழித்து எங்கோ ஒரு போன் அடிக்கும். 2ஜி போன் கோபுரத்தோடு பேசும்போது தொடர்ச்சியாகப் பேசாமல் நொடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலையை வீசுகிறது. மைக் ஒயரும் ப்ரீஆம்பும் அதைப் பிடித்துச் சத்தமாக்கிவிடுகின்றன. 4ஜியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, அதனால் நம் போன்களை மட்டும் கவனித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் பாட்டியின் இடுப்பில் சொருகிய பட்டன் போன் 2ஜியாக இருக்கலாம். அதுவும் மைக்குக்கு ஓரடி தூரத்தில். அதன் மடங்குகள் குரலின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்வதால் பிறகு வடிகட்டுவது பெரும்பாடு. அதனால் பாடச் சொல்லும் முன் "ஆத்தா, போன கொஞ்ச நேரம் அடுப்படில வைக்கட்டுமா? அடிச்சா ஓடிவந்து கொடுக்குறேன்" என்று கேட்டு வாங்கி வைத்துவிடுவேன். வெளியூரில் இருக்கும் பிள்ளை கூப்பிடும் ஒரே வழி அதுதான், அணைத்துவைக்கச் சொல்வதை அவர்கள் விரும்புவதில்லை. சில மீட்டர் தள்ளி வைத்தாலே போதும்.

ஸ்ஸ் என்ற இரைச்சலுக்குப் பலரும் கருவியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். ஒரு மீட்டரில் வைத்து மெல்லிய குரலைப் பிடிக்கக் கெயினை, அதாவது ப்ரீஆம்ப் பெரிதாக்கும் அளவை, முழுக்க ஏற்றினால் ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலும் சேர்ந்து ஏறும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரைக் கால் மீட்டராக்கினால் 12. கெயினைத் தொடாமலே இவ்வளவும் கிடைக்கும், அறையின் எதிரொலியும் குறையும். எந்த விலையில் கருவி வாங்கினாலும் இந்த 12 டெசிபலுக்கு ஈடில்லை என்பது என் முடிவான கருத்து. மேடையில் பாடுவதற்கென்று செய்த டைனமிக் மைக்கை ரெக்கார்டரில் மாட்டினாலும் இதே இரைச்சல் வரும். அந்த மைக்குகள் வாயை ஒட்டி வைப்பதற்காகவே செய்தவை, தூரத்துக் குரலுக்கு அவற்றின் சிக்னல் போதாது.

லெவலைக் கருவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விடுவது பாட்டுக்கு ஆகவே ஆகாது. ஒப்பாரியில் ஒரு அடி உச்சத்துக்குப் போய், அப்புறம் மூச்சு இழுத்து ஒரு மௌனம் வரும். ஆட்டோ லெவல் அந்த மௌனத்தில் கெயினை ஏற்றித் தெருவில் போகும் பஸ்ஸைக் கொண்டுவந்து போடும். அடுத்த அடி ஓங்கி வரும்போது முதல் சொல்லையே நசுக்கிவிடும். கையால் வையுங்கள். உரக்கப் பாடும் இடத்தைப் பாடிக் காட்டச் சொல்லி, உச்சி மைனஸ் 12 டெசிபல் (மீட்டரின் மேல் எல்லையான பூஜ்யத்துக்கு 12 கீழே) அருகில் நிற்கும்படி வைத்தால் போதும். 24 பிட்டில் பதிவு செய்தால் பிறகு ஏற்றிக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது. பறை, தவில் என்றால் இன்னும் கீழே, கருவியையும் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். 12 டெசிபல் குறைத்து இன்னொரு பிரதியும் கூடவே எழுதிக்கொள்ளும் வசதி சில ரெக்கார்டர்களில் இருக்கிறது, இருந்தால் கட்டாயம் போட்டுவையுங்கள். புதிதாக வந்திருக்கும் 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் டிஜிட்டல் பக்கம் உச்சி மொட்டையாகும் கவலை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை அவையும் காப்பாற்ற முடியாது.

காலர் மைக் மாட்டி ஒன்றுமே வரவில்லை, அல்லது குறைவாக வருகிறது என்றால் பிளக்கில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது செல்போனுக்கானது, இரண்டு இருந்தால் ரெக்கார்டருக்கானது. இடையில் போடும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. ஒரே வளையம் என்றால் மோனோ பிளக், இடது காதில் மட்டும் வரும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்டென்சர் மைக் ஊமையாக இருந்தால் ரெக்கார்டர் ஒயர் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் பேன்டம் பவர் போட்டிருக்கிறதா பாருங்கள். காலர் மைக்குக்கு அதே மாதிரி பிளக் இன் பவர் என்ற சின்ன வோல்டேஜ் தனியாக இருக்கும்.

கரகரப்பு விட்டுவிட்டு வந்தால் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பிளக்கை மெதுவாகச் சுழற்றுங்கள். சுழற்றும்போது கரகரத்தால் ஜாக்கில் அழுக்கு. நாகப்பட்டினம், கடலூர் பக்கம் உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பிளக்கில் லேசாகத் தடவிச் சில தடவை சொருகி எடுத்தால் பெரும்பாலும் தீரும். பிளக்கை விட்டுவிட்டு ஒயரை வளைக்கும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அந்த ஒயரை ஊருக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். ஏசி காரிலிருந்து இறங்கி உடனே கண்டென்சர் மைக்கைத் திறந்தாலும் படபடவென்று வெடிக்கும், குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படிவதால் வருவது அது. வெயில் படாத இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் தானாகப் போய்விடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுவையுங்கள்.

ஒன்றுமே பதிவாகவில்லை என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு நடந்தது இதுதான்: ரெக்கார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தியிருக்கிறார்கள். சில கருவிகளில் முதல் அழுத்தத்துக்குச் சிவப்பு விளக்கு மினுக்கும், மீட்டர் ஆடும், காதிலும் கேட்கும். ஆனால் அது தயார் நிலைதான், இரண்டாவது தடவை அழுத்தினால்தான் பதிவு ஓடும். விளக்கைப் பார்க்காதீர்கள், நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

மின்சாரத்துக்கு பவர் பேங்க் வைத்துக்கொள்பவர்கள் ரெக்கார்டருக்குள் பேட்டரியையும் போட்டே வைக்க வேண்டும். ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உள்ளே பேட்டரி இல்லையென்றால் நடுக்கூத்தில் கருவி செத்துவிடும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் அந்த வகையையும் மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், சாதாரணது 1.5. மாற்றாவிட்டால் மீதியைத் தப்பாகக் காட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி போகும். விடிய விடிய எடுக்க 16 ஜிபி கார்டு தாராளம். கார்டைப் புதிதாகப் போட்டதும் கம்ப்யூட்டரில் இல்லாமல் ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். விட்டுவிட்டு வரும் சத்தம் பலமுறை அதோடு நின்றிருக்கிறது.

அப்படியும் பேட்டரி திடீரென்று போய், கோப்பு 0 பைட் என்று காட்டினால் பதற வேண்டாம். பாட்டு பெரும்பாலும் கார்டிலேயே இருக்கிறது. கோப்பை மூடும் முன் கருவி அணைந்ததால் அதன் தலைப்பகுதி எழுதப்படவில்லை, அவ்வளவுதான். முதல் வேலை, அந்தக் கார்டைக் கழற்றிவிடுவது. அதில் இனி எதையும் பதிவு செய்யக் கூடாது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெயருக்குத்தான் படத்துக்கானது, ஒலிக் கோப்புகளையும் தேடி எடுக்கும். எடுத்தது திறக்கவில்லை என்றால் ஆடாசிட்டியில் ரா டேட்டா இம்போர்ட் என்ற வழியாகத் திறந்து, 24 பிட், லிட்டில் எண்டியன், இரண்டு சேனல், 48000 என்று நீங்கள் பதிவு செய்த அளவுகளையே கொடுங்கள். திறந்ததும் காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். 24 பிட்டில் ஒவ்வொரு அளவுக்கும் மூன்று பைட், ஒரு பைட் தள்ளி எண்ண ஆரம்பித்தால் எல்லாமே இரைச்சலாகத்தான் தெரியும். தொடக்க இடத்தை 1 என்று கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் 2. ஹெட்போன் சத்தத்தை மட்டும் நன்றாகக் குறைத்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். இடதும் வலதும் இடம் மாறி வந்தால் தொடக்க இடத்தில் இன்னும் 3 கூட்டினால் நேராகிவிடும். குரல் வந்ததும் வேறு எதையும் செய்யும் முன் அதை வேவ் கோப்பாகச் சேமித்து, இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு, அதன் பிறகு இரைச்சல் நீக்கும் வேலையை ஆரம்பியுங்கள்.